கிரிகரி ஹைன்ஸ்: மேடைக்கு மீண்ட கால்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தி விழா மேடையேறினால் சங்கப் பாடலையோ சிலம்பையோ விரித்துரைப்பாள் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ நியூயார்க் நகரில் பிறந்த ஒரு கறுப்பினக் கலைஞரின் வாழ்வு. ஆடுநர், பாடகர், நடிகர், நடன அமைப்பாளர் எனப் பல துறைகளிலும் கால்பதித்த கிரிகரி ஹைன்ஸ் என்பார் அவர். இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துப் பேசும் மரபில் வந்த நமக்கு, அவை மூன்றும் ஒருவரிடமே கூடி நின்றபோது என்ன நிகழ்ந்தது என்பதை அறிவதில் ஆர்வம் இருக்கும் என நம்புகிறேன். இப்பொருளை நான் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

முதலில் ஒரு சொல்விளக்கம். அவர் ஆடியது 'டேப்' நடனம். பாட்டுப் பதிவு செய்யும் நாடாவை நாம் டேப் என்று வழங்குவதால் குழப்பம் வரலாம். இது வேறு. தட்டுதல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. காலணியின் முனையிலும் குதிகாலிலும் லாடம்போல் உலோகத் தகடு பொருத்தி, மரப்பலகை மீது தட்டித் தாளம் எழுப்பும் கலை. நம் ஆட்டத்தில் சலங்கை தாளத்திற்குத் துணை நிற்கும். தாளத்தைச் சுமப்பன மிருதங்கமும் நட்டுவாங்கமும். டேப் நடனத்திலோ ஆடுபவரின் பாதமே மிருதங்கம். காண்பதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் உரிய ஆட்டம் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் முக்கால் பங்கு விளங்கிவிடும் என்பேன்.

இந்தப் பாதங்கள் பறையான வரலாறு துயரமானது. 1739ஆம் ஆண்டில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பறையொலியால் ஆள் கூட்டினர் என்று அஞ்சிய ஆட்சியாளர் 1740இல் இயற்றிய சட்டத்தில் அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருத்தலைத் தடைசெய்தனர். பறையைப் பறித்தவர்களால் தாளத்தைப் பறிக்க இயலவில்லை. அது கைகளிலும் தொடைகளிலும் கால்களிலும் குடிபுகுந்தது. பின்னர் அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகளின் காலாட்டமும் இங்கிலாந்துத் தொழிலாளரின் மரக்காலணி ஆட்டமும் அதனோடு கலந்தன. நியூயார்க்கின் சேரிப்பகுதியான ஃபைவ் பாயிண்ட்ஸில் இக்கலப்பு நன்கு நிகழ்ந்தது. 1842இல் அங்கு சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், ஒரு கறுப்பின இளைஞரின் ஆட்டத்தைக் கண்டு வியந்து தம் அமெரிக்கப் பயண நூலில் எழுதினார். அவ்விளைஞர் 'மாஸ்டர் ஜூபா' எனப் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி லேன் என்பதே ஆய்வாளர் பலரின் துணிபு.

இக்கலைக்கு எழுதிவைத்த இலக்கண நூல் ஏதும் அடிப்படையாக இருந்ததில்லை. ஒருவர் ஆட, மற்றவர் கண்டும் கேட்டும் 'திருடி', அதில் தமது ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தருவர். இவ்வாறு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குச் சென்று வாழ்ந்த கலை அது. ஆசிரியர் மறைந்தால் ஏடும் மறையும் என்ற நிலை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் ஹைன்ஸ் செய்தது என்ன என்பது விளங்கும்.

1946ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் கிரிகரி ஹைன்ஸ் பிறந்தார். மூன்று வயதாவதற்குள் டேப் பயிலத் தொடங்கிவிட்டார் எனில் வியப்பாக இருக்கிறது. ஐந்து வயதளவில் இரண்டு வயது மூத்தவரான அண்ணன் மாரிஸுடன் சேர்ந்து தொழில்முறையாக ஆடினார். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்று இளங்கோவடிகள் வழியே அறிகிறோம். இச்சிறுவர்களுக்கு அந்த ஏழாண்டு அவகாசம்கூட வாய்க்கவில்லை. ஹென்றி லிட்டாங் என்னும் ஆசிரியர் அவர்களைப் பயிற்றுவித்தார். அவர்களுக்கென ஆட்டங்களும் அமைத்துத் தந்தார்.

ஆயினும் அவர்களுடைய பெரும் பள்ளிக்கூடம் ஹார்லெம் பகுதியில் 125ஆம் தெருவிலிருந்த அப்போலோ அரங்கமே. அங்கே நாளும் பல காட்சிகள். ஹோனி கோல்ஸ், பன்னி பிரிக்ஸ், டெடி ஹேல், சேண்ட்மேன் சிம்ஸ் முதலிய பேராட்டக்காரர்களைத் திரைமறைவில் நின்று கவனிப்பதும், காட்சி முடிந்ததும் அவர்களிடமே அடவு கேட்டுக் கற்பதுமாகச் சிறுவர்களின் நாள்கள் கழிந்தன. சேண்ட்மேன் என்றால் மணல் மனிதர். பெட்டியில் மணல் பரப்பி அதன்மேல் காலைத் தேய்த்து ஒலியெழுப்பி ஆடியதால் வந்த பெயர். 1954இல் சகோதரர் இருவரும் ஓர் இசை நாடகத்தில் சிறு வேடங்களில் பிராட்வே மேடையேறினர். கிரிகரிக்கு அப்போது எட்டு வயது. 1960களில் தந்தையும் டிரம் வாசிப்பவராக இணைந்துகொள்ள, 'ஹைன்ஸ், ஹைன்ஸ் அண்ட் டாட்' என்ற குடும்பக் குழு ஊர் ஊராகச் சென்றது, தொலைக்காட்சியிலும் தோன்றியது.

ஆனால் அவர்கள் ஏறிய வண்டி, பயணிகள் இறங்கிக்கொண்டிருந்த வண்டி. சிறுவர்கள் வளர்ந்த காலமே டேப் நடனம் தேய்ந்த காலம். பல்சுவை மேடைகள் மூடப்பட்டிருந்தன. 1943இல் வந்த 'ஓக்லஹோமா!' நாடகத்தின் வெற்றிக்குப் பின் பிராட்வேயில் பாலே ஆட்டத்திற்கே மதிப்பு. அடுத்து ராக் இசை வந்தது. ஒரு காலத்தில் முன்வரிசையில் நின்ற ஹோனி கோல்ஸ், ஆட வாய்ப்பின்றி அதே அப்போலோ அரங்கில் மேடை மேலாளராக வேலை பார்த்தார். சிம்ஸோ அவ்வரங்கின் புதுமுகப் போட்டிகளில் தேறாதவர்களை மேடையிலிருந்து விரட்டும் கோமாளி வேடம் ஏற்றார். தாம் வணங்கி நின்று கற்ற ஆசான்களின் இந்நிலையைக் கண்டு வளர்ந்த ஓர் இளைஞனுக்கு என்ன தோன்றியிருக்கும்?

1973இல் குழு கலைந்தது. அண்ணனும் தம்பியும் பிரிந்தனர். கிரிகரி டேப் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரைக்குச் சென்றார். நீள்முடி வளர்த்த இளைஞர்களின் ஊர் அது. 'செவரன்ஸ்' என்றொரு ஜாஸ்-ராக் இசைக்குழு அமைத்தார். பாடினார், கிதார் வாசித்தார், பாடல் புனைந்தார். அச்சொல்லின் பொருள் துண்டிப்பு என்பது தற்செயலோ, அறிந்தே வைத்ததோ!

இங்கேதான் என் சொந்தக் காரணம். என் பெற்றோர் ஏழு வயதில் என்னைப் பரதம் பயிலச் சேர்த்தனர். மாலைதோறும் தட்டடவும் நாட்டடவும். பத்தாண்டு கற்றேன்; கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் விட்டேன். எவரும் தடுக்கவில்லை, வறுமையில்லை, உடல்நலக் குறையுமில்லை. 'இது என் விருப்பமா, அம்மாவின் விருப்பமா?' என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. சலங்கை இன்னும் என் தாயார் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஆகவே ஹைன்ஸின் வாழ்வைப் படித்தபோது, நான் அதிகம் நின்ற இடம் அவர் பெற்ற பரிசுகளில் அன்று. அவர் ஆடாதிருந்த அந்த ஐந்தாண்டில்தான். நினைவு தெரியும் முன்பே காலில் கட்டப்பட்ட கலை, கட்டியவரின் சொத்தா, காலின் சொத்தா? விட்டுப் பார்த்தாலன்றி விடை தெரியாத கேள்வி இது. மாதவியும் ஆட்டத்தைத் துறந்தாள். ஆனால் அவள் திரும்பவில்லை. ஹைன்ஸ் திரும்பினார்.

திரும்பியதற்குக் காரணம் பெரிய கலைத் தாகம் என்று சொல்ல இயலாது. நியூயார்க்கில் இருந்த தம் சிறு மகளுக்கு அருகில் வாழ வேண்டும் என்ற தந்தையுள்ளமே அவரை 1978இல் மீட்டுவந்தது. பிழைப்புக்கு வழி? அண்ணன் மாரிஸ் ஒரு நாடகத்தின் தேர்வுக்குச் செல்லுமாறு கூறினார். சென்றார், வேடமும் கிடைத்தது. அந்நாடகமோ நியூயார்க்கை எட்டாமல் பிலடெல்பியாவிலேயே நின்றுபோயிற்று. ஆனால் அதே ஆண்டில் 'யூபி!' என்ற இசை நாடகம் வந்தது. கறுப்பின இசை மேதை யூபி பிளேக்கின் பாடல்களால் ஆனது. பிரிந்த அண்ணனும் தம்பியும் அதில் ஒரே மேடையில் ஆடினர். டேப் ஆட்டங்களை அமைத்தவர் வேறு யாருமல்லர். பழைய ஆசிரியர் ஹென்றி லிட்டாங்! அந்நடிப்புக்காக டோனி விருதுக்கு ஹைன்ஸ் பரிந்துரைக்கப்பட்டார். அடுத்து, டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையை ஹார்லெமில் நிகழ்வதாக மாற்றிய 'கமிங் அப்டவுன்'. அது சில வாரங்களே ஓடிற்று. 1981இல் டியூக் எலிங்டனின் இசையாலான 'சாபிஸ்டிகேட்டட் லேடீஸ்' 767 காட்சிகள் ஓடியது. இரண்டிற்கும் பரிந்துரை வந்தது. விருது மட்டும் வரவில்லை.

திரைப்படங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி காட்டன் கிளப்' 1984இல் வெளிவந்தது. ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப், கறுப்பினத்தவர் ஆட வெள்ளையர் மட்டுமே அமர்ந்து காண அனுமதித்த விடுதி. ஹைன்ஸ் சகோதரரின் பாட்டி அங்கே ஆடியவர். படத்தில் சகோதரர் இருவரும் ஆட்டக்காரச் சகோதரராகவே வருகின்றனர். இளையவன் தனித்துப் புகழ்தேடிச் செல்ல, இணை உடைகிறது. பின்னர் ஒரு மேடையில் இருவரும் மீண்டும் சேர்ந்து ஆடுகின்றனர். ஆட்டம் முடியுமுன்பே தழுவிக்கொள்கின்றனர். 1973இல் உண்மையாகவே பிரிந்தவர்கள் அவர்கள் என்பதை அறிந்து காணும்போது, நடிப்பு எங்கே முடிகிறது என்று சொல்ல இயலாத காட்சி அது. மூத்தவர் மாரிஸ் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

மற்றொன்று 1985இல் வந்த 'வைட் நைட்ஸ்'. சோவியத் நாட்டிலிருந்து மேற்கே வந்துவிட்ட பாலே மேதை பரிஷ்னிகோவ் அதில் ஒரு நாயகர். அமெரிக்காவை வெறுத்துச் சோவியத் நாட்டில் தஞ்சம் புகுந்த டேப் ஆட்டக்காரராக ஹைன்ஸ். மது மயக்கத்தில் அப்பாத்திரம் தன் கதையைச் சொல்லும் காட்சி ஒன்றுண்டு. நாட்டுக்காகப் படையில் சேர்ந்ததையும், வியட்நாமில் கண்டதையும், ஓடிவந்ததையும் வாய் சொல்கிறது. சொல்லும்போதே கால் ஆடுகிறது. சொல் தடுமாறும் இடத்தில் கால் தொடர்கிறது. கால் ஓய்ந்த இடத்தில் சொல் வெடிக்கிறது. பாட்டில்லை, இசைக்குழுவில்லை. நாடகத்திற்கு நடுவே ஆட்டத்தைச் செருகுவது வேறு, ஆட்டமே வசனமாவது வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க வேண்டுமானால் நான் இக்காட்சியையே காட்டுவேன். கூத்தென்றும் நாடகமென்றும் பிரித்து வினாத்தாள் அமைக்கும் நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இடையில் அவர் பாடகராகவும் வென்றார். லூதர் வாண்டிராஸுடன் இணைந்து பாடிய ஒரு காதற்பாடல் 1987இல் கறுப்பின இசை வரிசையில் முதலிடம் பெற்றது. நகைச்சுவைப் படங்களிலும் காவலர் படங்களிலும் நடித்துப் பொருளீட்டினார். டேப் இல்லாமலே அவரால் வாழ்ந்திருக்க முடியும். அதனால்தான் அவர் அதைக் கைவிடாதது பொருளுடையதாகிறது.

அவருடைய ஆட்டமுறை பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பழையோர் பலர் நீள்தொப்பியும் கறுப்பு அங்கியும் அணிந்து, எட்டெட்டாக எண்ணிக்கை பிசகாத அடிகளை அழகுற வழங்கியவர்கள். ஹைன்ஸ் தொளதொளப்பான சட்டையோடு வந்து, ஒலிவாங்கி பொருத்திய பலகைமேல் குனிந்து நின்று, தம் காலையே கேட்டுக்கொண்டு ஆடுவார். ஓர் அடியைத் தொடங்குவார், பாதியில் அறுப்பார், எண்ணிக்கையையே சிதறடிப்பார், எங்கோ சென்று மீள்வார். முன்கூட்டி அமைக்காமல் அந்தக் கணத்தில் புனையும் இம்முறைக்கு 'இம்ப்ரோவோகிராஃபி' என்று தாமே ஒரு பெயர் படைத்தார். நம் இசைவாணர் மனோதர்மம் என்பதை ஒத்தது எனலாம்.

1989ஆம் ஆண்டு 'டேப்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது, நாயகர் ஹைன்ஸ். படக்கதை எளியதுதான், பெரிதும் புகழத் தக்கதன்று. அதில் ஒரு காட்சிக்காக அதை நான் மறுபடியும் மறுபடியும் பார்ப்பேன். முதிய ஆட்டக்காரர்கள் ஓர் அறையில் கூடிப் போட்டியாட்டம் ஆடுகின்றனர். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் ஒன்றுக்கொன்று விடைசொல்வது போல் ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் எடுக்கிறார். சேண்ட்மேன் சிம்ஸ், பன்னி பிரிக்ஸ், ஜிம்மி ஸ்லைடு, ஹரால்டு நிக்கலஸ், ஸ்டீவ் காண்டோஸ், அவர்களோடு சாமி டேவிஸ் ஜூனியர்! அப்போலோவில் சிறுவன் கிரிகரி அண்ணாந்து பார்த்த கால்களுள் சிலவும் அங்கே உண்டு. ஏடில்லாத கலைக்கு அந்தச் சில நிமிடப் படச்சுருளே ஏடு. பதினைந்து வயதுச் சேவியன் குளோவரும் அப்படத்தில் நடித்தார். அவ்வாண்டே ஹைன்ஸ் தொலைக்காட்சியில் 'டேப் டான்ஸ் இன் அமெரிக்கா' என்னும் நிகழ்ச்சியை வழங்கி, பிரெண்டா புஃபலினோவின் குழு முதலியவற்றை நாடறியச் செய்தார். மே 25ஆம் நாளைத் தேசிய டேப் நடன நாளாக அறிவிக்க முயன்றோருள் அவரும் முன்னின்றார். 1989 நவம்பரில் அது சட்டமாயிற்று. அந்நாள், 1878இல் பிறந்த பில் ராபின்சனின் பிறந்தநாள். கறுப்பினத்தார் இருவராகச் சேர்ந்தே மேடையேறலாம் என்ற வழக்கத்தை உடைத்துத் தனித்து ஆடிய பெருங்கலைஞர். ஆயினும் திரைப்படத்தில் அவருக்குப் பெரும்பாலும் பணியாள் வேடமே கிடைத்தது. 2001இல் ஹைன்ஸ் அவராகவே ஒரு படத்தில் நடித்தார்.

விருதைத் தந்த நாடகத்திற்கு வருகிறேன். ஜார்ஜ் சி. வுல்ஃப் எழுதி இயக்கிய 'ஜெல்லீஸ் லாஸ்ட் ஜாம்' 1992 ஏப்ரலில் பிராட்வேயில் அரங்கேறியது. ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோ மேதையின் கதை. நியூ ஆர்லியன்ஸ் நகரக் கலப்பினக் குடும்பத்தில் பிறந்த அவர், ஜாஸ் இசையைத் தாமே 1902இல் கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாடியவர். தம் உடலில் ஓடிய கறுப்பினக் குருதியை மறுத்தவர். 1941இல் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். நாடகம் அந்த மரணத் தறுவாயில் தொடங்குகிறது. ஒரு நடுவன் அவரை நிறுத்தி வாழ்வைத் திருப்பிக் காட்டுகிறான். எவருடைய பாட்டை, எவருடைய தாளத்தை எடுத்து உன்னது என்றாய்? உன்னை வளர்த்தவர்களை ஏன் மறுத்தாய்? உயிர் நண்பனுக்கே வாயில்காப்போன் அங்கியைத் தந்து அவமதிக்கும் இடத்தில் ஹைன்ஸை வெறுக்காதவர் இருக்க இயலாது.

இதில் ஒரு நுட்பம். ஹைன்ஸ் பியானோ மேதையல்லர். ஆகவே மேடையில் மார்ட்டனின் இசை, ஹைன்ஸின் கால்களில் பிறந்தது. இளமைக் கால ஜெல்லியாக வந்தவர் சேவியன் குளோவர். முதியவரும் இளையவரும் எதிரெதிர் நின்று ஆடும் பகுதியில் கதைப்படி அவர்கள் ஒரே மனிதர். மேடைப்படி ஆசானும் மாணவரும். பெற்றதை மறுத்த ஒருவனின் கதையை, பெற்றதைக் கொடுத்துக்கொண்டே ஒருவர் ஆடிக் காட்டினார். மூன்று முறை தவறிய டோனி விருது அவ்வாண்டு சிறந்த நடிகருக்கானதாக அவரை வந்தடைந்தது. ஆட்டக்காரருக்கான விருதன்று அது, நடிகருக்கானது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாடகம் 569 காட்சிகள் நடந்தது. குளோவர் 1996இல் தம் நாடகத்தோடு பிராட்வேயை வென்றார். ஹைன்ஸ் 2003 ஆகஸ்டு 9ஆம் நாள், ஈரல் புற்றுநோயால் தம் 57ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் மறைந்தார்.

நேரம் கடந்துவிட்டதை அவைத்தலைவரின் பார்வை உணர்த்துகிறது. ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். 1989 நவம்பரில் சாமி டேவிஸின் அறுபதாண்டுக் கலைவாழ்வைப் பாராட்டி ஒரு விழா எடுத்தனர். தொண்டைப் புற்றுநோயால் அவர் குரல் அடங்கியிருந்தது. பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார். மேடையில் ஆடிக்கொண்டிருந்த ஹைன்ஸ் அவரை அழைத்தார். அவர் டேப் காலணியை அணிந்துகொண்டு மேலேறினார். ஹைன்ஸ் ஓர் அடி போட்டார். முதியவர் பதில் அடி போட்டார். குரலிழந்தவர் காலால் பேசிய அந்தச் சில நிமிடங்களில் அரங்கமே எழுந்து நின்றது. ஆட்டம் முடிந்ததும் ஹைன்ஸ் குனிந்து அவருடைய காலணியை முத்தமிட்டார். அடுத்த ஆண்டு மே 16ஆம் நாள் சாமி டேவிஸ் மறைந்தார்.